தேய்மானத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையூர்களில் பழைய வீடு ஒன்று இடிக்கப்படும்போதோ பாகம் பிரிக்கப்படும்போதோ அதன் படுக்கையறைச் சாமான்களுக்கு மூன்று கதிகள் வாய்க்கின்றன. ஒன்று, விறகு. இரண்டு, பழம்பொருள் வணிகரின் கிட்டங்கி. மூன்றாவது கதி அண்மைக்காலத்தது. கட்டிலையும் அலமாரியையும் உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணாம்புபோல் மங்கிய வெள்ளையோ சாம்பல்நிறமோ பூசி, பூச்சு உலர்ந்தபின் விளிம்புகளை மறுபடியும் தேய்த்து, அடிமரம் ஆங்காங்கே தெரியும்படி செய்வது. கடைகளில் இதற்கு 'ஆன்டிக் பினிஷ்' என்று பெயர். கோட்டுகாலை ஒட்டிய சொவ்வரை, புளிங்குடி தொடங்கிக் கோவளம் வரையுள்ள கடற்கரை, பழைய மரவீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மீண்டும் பூட்டி விடுதியாக்கும் வழக்கத்துக்குப் பழகிய கடற்கரை. அங்கே இந்த ரசனைக்கு இடமும் விலையும் இருப்பதில் வியப்பில்லை.

இந்த வழக்கத்தை வெறும் வீட்டலங்காரச் செய்தியாக எண்ணி ஒதுக்கிவிட முடியாது. எழுபது எண்பது ஆண்டுகள் மனிதர் படுத்தும் அமர்ந்தும் பிடித்தும் உண்டாக்கிய தேய்மானம் ஒரு மரச்சாமானின்மேல் எழுதப்பட்ட உண்மையான ஆவணம். அதை உப்புத்தாளால் அழித்துவிட்டு, அதே உப்புத்தாளால் ஒரு பொய்யான தேய்மானத்தை எழுதுவது ஆவணத்தைத் திருத்துவதற்குச் சமம். பழமையை விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே பழமையை அழிக்கும் இச்செயல் மரத்தோடு நிற்பதில்லை என்பதும், எல்லையூர்களின் தமிழுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்கிறது என்பதுமே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில் சொல். இந்தப் பூச்சுமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் 'டிஸ்ட்ரெஸ்டு'. துயருற்றது, நலிவுற்றது என்று பொருள்படும் இச்சொல்லின் மூலம், இறுக்கிப் பிடித்தல் எனப் பொருள்படும் 'டிஸ்ட்ரிங்கெரே' என்னும் இலத்தீன் வினை. ஆங்கிலச் சட்டமொழியில் வாடகை பாக்கிக்காக ஒருவரின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்வதற்கும் 'டிஸ்ட்ரெஸ்' என்றே பெயர். தமிழ்நாட்டார் ஜப்தி என்பார்களே, அதுதான். மாவட்டத்தைக் குறிக்கும் 'டிஸ்ட்ரிக்ட்' என்னும் சொல்லும் அதே வினையிலிருந்து பிறந்தது: ஓர் ஆட்சியாளர் அவ்வாறு இறுக்கிப் பிடிக்கும் அதிகாரம் செல்லும் பரப்பு அது. பறிமுதல், நிர்வாக எல்லை, நலிவு, அறைக்கலன் அலங்காரம் ஆகிய நான்கும் ஒரே வேரில் கிளைத்திருப்பது அகராதி விநோதமாகத் தோன்றலாம். ஆனால் நெய்யாற்றின்கரை வட்டத்தின் ஒரு பழங்கட்டிலைப் பொறுத்தவரை அந்நான்கும் அதன் வாழ்க்கையில் வரிசையாக நிகழ்ந்தவை.

இக்கட்டில்கள் கடைக்கு வந்த வழி அதைக் காட்டும். திருவிதாங்கூரில் மருமக்கள்வழிக் கூட்டுக்குடும்பச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டம் வழிவகுத்தது. நாஞ்சில்நாட்டு வேளாளருக்கும் அதே பத்தாண்டில் சட்டம் வந்தது. அம்முறையின் அவலங்களை நகைச்சுவையோடு பாடிய கவிமணியின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' தமிழ் மாணவர் அறிந்ததே. கேரளத்தின் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டு 1976 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னும் வீடுகள் பாகமாயின. நிலத்தைப் பங்கிடலாம், நான்கு கால் கொண்ட கட்டிலை நான்கு பேருக்குப் பங்கிட இயலாது. விற்றுப் பணத்தைப் பங்கிட்டார்கள். இச்சட்டங்கள் பெண்களுக்கும் இளையோருக்கும் ஈட்டித் தந்த உரிமையைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. அந்த உரிமையின் மறுபக்கத்தில் சாமான்கள் சிதறின என்பது மட்டுமே இங்குக் கருதத்தக்கது.

செட்டிநாட்டில் நிகழ்ந்ததும் இதற்கு இணையானது. பர்மாத் தேக்கால் எழுந்த மாளிகைகளின் செல்வம், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பெரிதும் சரிந்தது. 1962க்குப் பின் அங்கு நிகழ்ந்த நாட்டுடைமையாக்கம் எஞ்சியதையும் முடித்துவைத்தது. வாரிசுகள் பெருகிய வீடுகளின் தூண்களும் கதவுகளும் கட்டில்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத்தெருவில், யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபின், மிளகும் ஏலமும் வாசம்வீசிய இடங்கள் பழம்பொருள் கடைகளாயின. போர், குடிபெயர்வு, பாகப்பிரிவினை என்று காரணங்கள் வேறுபடலாம். கடைக்கு வந்த ஒவ்வொரு பொருளும் ஒரு குடும்பத்தின் நலிவைத் தாண்டி வந்தது என்பதில் வேறுபாடில்லை. உண்மையான நலிவைக் கடந்து வந்த பொருளுக்குச் செயற்கை நலிவைப் பூசுவதில் உள்ள முரண் அங்கிருந்தே தொடங்குகிறது.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது? 1989இல் ரேச்சல் ஆஷ்வெல் என்பவர் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் 'ஷேபி ஷிக்' என்ற பெயரில் கடை திறந்தார். அழுக்கேறியதும் அழகியதும் ஒருங்கே என்று அத்தொடரைப் பெயர்க்கலாம். 1990இல் இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் உருவாக்கிய 'சாக் பெயின்ட்' இதற்கு ஏற்ற பூச்சைத் தந்தது. பழைய மெருகை முழுக்கச் சுரண்டாமலேயே ஒட்டிக்கொள்ளும், மங்கலாக உலரும், எளிதில் தேய்க்க வரும். தேய்ந்து தெரிய வேண்டிய இடத்தில் முன்கூட்டியே மெழுகுதிரியைத் தடவிவிட்டால் அங்கே பூச்சு பிடிக்காது. துணியால் துடைத்ததும் உரிந்து வரும். கடைசியில் கருமெழுகைச் செதுக்குகளின் பள்ளங்களில் ஏற்றினால் நூறாண்டு அழுக்கு ஒரு பிற்பகலில் கிடைத்துவிடும்.

கிராண்ட் மெக்கிராக்கன் என்னும் மானிடவியலாளர் 1988இல் வெளியிட்ட நுகர்வும் பண்பாடும் பற்றிய நூலில், பொருளின்மேல் காலம் படியவைக்கும் மெருகை (மேலை நாட்டார் 'பாட்டினா' என்பது) ஒரு சமூகச் சான்றாக விளக்குகிறார். புதுப்பணக்காரர் வெள்ளிப் பாத்திரத்தை வாங்கிவிடலாம். அதன்மேல் தலைமுறைகள் படியவைத்த மெருகை வாங்க இயலாது. எனவே மெருகு, செல்வம் பழையதா புதியதா என்பதைக் காட்டிக்கொடுக்கும் காவலாக நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுமை மோகமும் நாகரிகமும் பெருகியபோது அந்தக் காவல் தளர்ந்தது என்பது அவர் வாதம். அவ்வாதத்தை ஒரு படி நீட்டலாம். இன்றைய ஆன்டிக் பினிஷ், காவலையே கடையில் விற்கிறது. விற்கப்படும்போது அது காவலாக இருப்பதில்லை. பழமைக்குரிய மரியாதையை, பழமையோடு வரும் கடமைகள் இன்றிப் பெற உதவும் கருவியாகிறது.

தேய்மானத்துக்கு இலக்கணம் உண்டு என்பதை மறந்துவிடும்போதுதான் இது எளிதாகத் தோன்றுகிறது. ஒரு கட்டில் எங்கே தேயும்? அமர்ந்து எழும் பக்கத்துச் சட்டத்தின் மேல்விளிம்பில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி. சுவரோரச் சட்டம் அவ்வளவு தேயாது. தலைமாட்டுப் பலகையில் எண்ணெய் தேய்த்த தலைகள் சாய்ந்த உயரத்தில் ஒரு கருமை படியும். கால்களின் அடி, தரை துடைக்கும் ஈரத்தால் வெளுத்து நார்நாராகும். கொசுவலைக் கம்பங்களின் மேல்நுனி, கைபடாததால் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். கயிறோ பிரம்போ பின்னிய கட்டிலாயின் துளைகளின் உள்விளிம்பு இழுவிசையின் திசையில் வழவழப்பாகியிருக்கும். அலமாரியில் குமிழைச் சுற்றிலும், சாவித்துளைக்குக் கீழே சாவிக்கொத்து தொங்கி ஆடிய அரைவட்டத்திலும் தேயும். ஒவ்வொரு தேய்வுக்கும் ஒரு வினைமுதல் உண்டு. ஒரு செயல் உண்டு. எண்ணற்ற முறை நிகழ்ந்த திரும்பல் உண்டு. வலக்கையரா இடக்கையரா, கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது, குழந்தைகள் அதில் ஏறி விளையாடினார்களா என்பதை ஒரு தேர்ந்த ஆசாரி அதன் மேற்பரப்பிலிருந்தே சொல்லிவிடுவார்.

செயற்கைத் தேய்வில் இந்த வினைமுதல் இல்லை. நான்கு விளிம்புகளும் ஒரே அளவில் தேய்ந்திருக்கும். கைபடவே வாய்ப்பில்லாத மேல்முகட்டிலும் பூச்சு உரிந்திருக்கும். இது பிழையான தேய்மானம் என்பதைவிட, இலக்கணம் அற்ற தேய்மானம் என்பதே பொருந்தும். எழுத்துகள் இருக்கும், சொற்கள் இருக்கா. பார்ப்பவருக்கு 'பழையது' என்ற ஒரே பொருளை மட்டும் உணர்த்தி நின்றுவிடும். யாருடைய பழமை, எந்த ஊரின் பழமை, எவ்வகைப் பழமை என்பதற்கு அதனிடம் விடையில்லை.

தமிழ் மரபு ஒரு கட்டிலை எப்படி அறிமுகப்படுத்தியது என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெடுநல்வாடையில் அரசியின் கட்டில் வருணிக்கப்படும்போது, அதன் தந்தம் போரிட்டு வீழ்ந்த நாற்பது வயது யானையினுடையது என்பதும், கைதேர்ந்த தச்சன் கூரிய உளியால் அதில் இலைவடிவம் செதுக்கினான் என்பதும் சொல்லப்படுகின்றன. கட்டில் எப்படித் தோன்றியது என்பதோடு எங்கிருந்து வந்தது, யார் கையால் ஆனது என்பதும் அங்கே வருணனையின் பகுதி. புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டில் மோசிகீரனார் அறியாது துயின்ற முரசுகட்டில், அதன்மேல் எது வைக்கப்படும் என்பதாலேயே புனிதம் பெற்ற பொருள். இகோர் கோபிடாஃப் என்னும் மானிடவியலாளர் பொருள்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்று 1986இல் எழுதியது கல்வியுலகில் பெரிதும் பேசப்பட்டது. சங்கப் புலவர்கள் அதைக் கோட்பாடாக்காமலேயே கையாண்டிருக்கிறார்கள்.

இனி மொழி. அமெரிக்க அறிஞர் சூசன் ஸ்டூவர்ட் 1991இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அறைக்கலன் உலகின் இதே சொல்லை எடுத்து, செயற்கையாகப் பழமையேற்றப்பட்ட இலக்கிய வகைகளைப் பற்றிப் பேசினார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கற்றோர் எழுதிய போலி நாட்டார் கதைப்பாடல்கள், நீதிக்கதைகள், காப்பியங்கள் ஆகியன அவருக்குச் சான்றுகள். பிரிஸ்டல் நகரத்து இளைஞர் தாமஸ் சாட்டர்டன் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் பெயரில் கவிதைகள் எழுதி, தோல்தாள்களையும் பழையன போல் ஆக்கிக் காட்டியது இலக்கிய வரலாறு அறிந்த செய்தி. ஆங்கிலக் கடைப் பலகைகளில் காணப்படும் 'யி ஓல்டு' என்னும் தொடரும் இவ்வகையே. அங்குள்ள முதற்சொல் 'தி' என்பதுதான். பழைய எழுத்தொன்றின் வடிவம் பிற்காலத்தாருக்கு 'ஒய்' போலத் தோன்றியதால் பிறந்த பொய்ப்பழமை அது. மெழுகுதிரி தடவி உரித்தெடுத்த பூச்சுக்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை.

கோட்டுகால் முதல் களியக்காவிளை வரையுள்ள ஊர்களின் தமிழ் இந்த இடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்டதால் பேச்சு அறுந்துவிடவில்லை. பாலராமபுரத்துச் சாலியர் நெசவுத் தெருக்களிலும், எல்லையின் இருபுறத்துச் சந்தைகளிலும், கொண்டு கொடுத்த உறவுகளிலும் அது தொடர்ந்தது. ஒரே வீட்டுப் படுக்கையறையில் திராவிடச் சொல்லான கட்டிலும், போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற அலமாரியும் மேசையும் சாவியும், மலையாளத்தில் 'கசேர'யாக வழங்கும் போர்த்துக்கீசிய நாற்காலியும், ஐரோப்பிய 'பீரோ'வும் அருகருகே நிற்கின்றன. இந்தக் கலப்பு கையிருப்பைக் காட்டும் பட்டியல். எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பதன் பதிவு. மரத்தின் தேய்மானம்போல இதுவும் பயன்பாட்டால் உண்டான எழுத்து.

இத்தமிழுக்கு இரண்டு எதிர்நிலைத் தீங்குகள் நேர்கின்றன. முதலாவது, சுரண்டல். பள்ளியிலும் மேடையிலும் 'பிழை' என்று அதைத் தேய்த்து அகற்றி, எங்கும் ஒரே நிறமான மொழியைப் பூசுவது. மலையாளச் சாயல் கொண்டதெல்லாம் கறை என்று கருதும் தூய்மைநோக்கு, கேரளப் பக்கத்தில் தமிழ்ச்சாயலைக் கறையாகக் காணும் நோக்கின் இரட்டைப்பிறவி. இரண்டாவது தீங்கு இப்போது பேசப்படும் பூச்சு. திரைப்படத்திலும் நகைச்சுவைக் காணொளியிலும் சில கதையெழுத்திலும் பொதுத்தமிழில் முழு உரையாடலையும் எழுதிவிட்டு, விளிம்புகளில் மட்டும் 'மக்கா', 'லே' என்று தேய்த்துவிடுவது. 'ஆக்கும்' என்னும் ஈறு இவ்வட்டாரத்தில் ஒரு கூற்றை உறுதிப்படுத்த வரும்: 'அது எங்க வீடாக்கும்' என்பார்கள். ஏவலோடு அதை ஒட்டி யாரும் பேசுவதில்லை. 'லே' யாரை விளிக்கலாம், யாரை விளிக்கலாகாது என்பதற்கு வயதும் உறவும் சார்ந்த கட்டுப்பாடு உண்டு. பூச்சுவேலை செய்வோருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. 'தெக்கத்தித் தமிழ்' என்ற தோற்றம் கிடைத்தால் அவர்களுக்குப் போதும்.

வெய்ன்ரைக், லபோவ், ஹெர்ட்சாக் மூவரும் 1968இல் எழுதிய நெடுங்கட்டுரை மொழிமாற்ற ஆய்வின் அடிப்படையாகக் கருதப்படுவது. மொழியின் வேறுபாடுகள் தாறுமாறானவை அல்ல, அவற்றுக்குள் ஒழுங்கு உண்டு என்பதே அதன் சாரம். ஆசாரி கட்டிலின் சட்டத்தில் காண்பதும் இந்த ஒழுங்கைத்தான். வட்டார வழக்கைச் சிதறல்களின் தொகுப்பாகக் காண்பவரும் தேய்மானத்தை உரிந்த பூச்சாகக் காண்பவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

எதிர்வாதங்கள் உண்டு; அவை வலுவானவை. முதலாவது, பயன்பாடு. பூச்சு அடித்த கட்டிலில் ஒருவர் படுக்கிறார். அடிக்காவிட்டால் அது அடுப்புக்குப் போயிருக்கும். புதுமரத்துக்காக இன்னொரு மரம் வெட்டப்படுவதையும் இது தடுக்கிறது. இவ்வாதத்தை மறுக்க வேண்டியதில்லை. கறையான் அரித்து, சட்டம் மாற்றி, துண்டு ஒட்டிய மலிவுமரக் கட்டிலுக்கு ஒரு பூச்சு மறுவாழ்வு தருமெனில் தரட்டும். அங்கே அழிவதற்குப் பெரிய ஆவணமும் இல்லை. சிக்கல், அயனியிலும் பலாவிலும் ஈட்டியிலும் செய்த, துளையில் நாக்கைப் பொருத்தி மரஆணி அறைந்த, நல்ல நிலையிலுள்ள சாமான்களைப் பற்றியது. திருவிதாங்கூரில் தேக்கும் ஈட்டியும் கருங்காலியும் சந்தனமும் அரசுக்குரிய மரங்களாக இருந்தன. சாதாரண வீடுகளில் அயனியும் பலாவும் மிகுதியாகப் பயன்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கட்டிலின் மரமே ஒரு சமூகப் பதிவு என்னும்போது அதை வெள்ளையால் மூடுவது எதை மூடுகிறது என்று கேட்க வேண்டியுள்ளது.

இரண்டாவது வாதம், மரத்துக்குப் பூச்சு அந்நியம் அன்று என்பது. உண்மை. கேரளக் கோயில்களின் மரச்சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டப்பட்டது. தொட்டிலுக்கு அரக்குச்சாயம் ஏற்றிக் கடைந்த கால்கள் தமிழகத்தில் பழகியவை. பழைய வீட்டுச் சன்னல்களும் கட்டில்களும் பச்சை, நீல எனாமல் பூசப்பட்டவை. ஆனால் அந்தப் பூச்சு எதுவும் தான் பழையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. புதிதாக இருந்து, தன் வழியில் பழசாயிற்று. மரத்துக்கு நிறம் கொடுப்பதில் தவறில்லை. குற்றச்சாட்டு, காலத்தின் கையெழுத்தைப் போலியாக இடுவதன்மேல் மட்டுமே.

மூன்றாவது வாதம், பொருள் உரிமையாளருடையது, ரசனை அவரவர் விருப்பம் என்பது. சட்டப்படி சரி. எனினும் இதில் உரிமையாளரைத் தாண்டிய ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில், குறிப்பாகப் பளிச்சிடும் மஞ்சளிலும் சிவப்பிலும் பச்சையிலும், ஈயச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு மிகுதி. பழைய எனாமலை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி மூச்சிலும் தரையிலும் குழந்தையின் விரலிலும் சேர்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளைவளர்ச்சியை அது பாதிக்கிறது. செயற்கைத் தேய்வு என்பது தேய்ப்பதையே தொழிலாகக் கொண்டது. வீட்டு முற்றத்தில் முகக்கவசமின்றி நாள்கூலிக்குத் தேய்ப்பவரே அந்தத் தூசியை முதலில் விழுங்குகிறார். நனைத்துத் தேய்த்தல், தரமான முகக்கவசம், தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல், குழந்தைகளை அண்டவிடாமை ஆகியவை குறைந்த அளவு எச்சரிக்கைகள். பழைய வண்ணம் பூசிய தொட்டிலையும் குழந்தைக் கட்டிலையும் தேய்க்காமல் விடுவதே நலம்.

தொழில்நுட்ப அளவிலும் இந்தக் கடற்கரைக்கு இப்பூச்சு பொருந்துவது கடினம். பலாவின் வயிரத்தில் உள்ள மஞ்சள் நிறப்பொருளால்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைகளுக்குச் சாயமேற்றினார்கள். அத்தகைய மரத்தின்மேல் நேரடியாக வெள்ளை பூசினால் நாளடைவில் கறை மேலே கசியும். தடுக்க முதலில் அரக்குப் பூச்சு அடிக்க வேண்டும். தேக்கின் இயற்கை எண்ணெய் புதுப்பூச்சைப் பிடிக்கவிடாது. துளைகள் நிறைந்த மங்கற்பூச்சும் மெழுகும் இடவப்பாதி மழையின் ஈரத்தில் பூஞ்சணத்துக்கு இடம்கொடுக்கும். உலர்ந்த கலிபோர்னியக் காற்றில் பிறந்த ரசனைக்கு அரபிக்கடலோரத்தில் ஆயுள் குறைவு. சாராயத்தில் கரைத்த அரக்கைப் பஞ்சுப்பொதியால் படலம் படலமாக ஏற்றும் பழைய பாலிஷ் முறை இதற்கு மாறானது. தேய்மானத்தை மூடாமல் அதன்மேல் ஒளியேற்றும். தேவைப்பட்டால் அதே சாராயத்தால் கழுவி எடுத்துவிடலாம். நாளை வேறொருவர் மாற்று முடிவெடுக்க இடம்விடும் முறை எதுவோ அதுவே நல்ல முறை.

1877இல் வில்லியம் மோரிஸ் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 'புதுப்பித்தல்' என்ற பெயரில் பழைய சுவர்களைச் சுரண்டி, கற்பனையான ஒரு தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்று செல்லப்பெயர் உண்டாயிற்று. பழுது பார்க்கலாம், பழமையை உற்பத்தி செய்யலாகாது என்னும் அந்த நெறி இன்றைக்கும் பொருந்தும். அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில், கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில். நினைவுக்குரிய உரிமை மாநில எல்லையோடு முடிவதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அங்குள்ள மரத்தையும் தரையையும் காணச் செல்லும் மாணவர்கள் அவற்றின் மெருகு எப்படி வந்தது என்று கேட்கப் பழகினால், தம் வீட்டுக் கட்டிலையும் வேறுகண்ணோடு காண்பார்கள்.

கல்வித்துறையினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எல்லையூர்களில் ஒரு பழைய சாமான் கைமாறுவதற்கு முன்னால் நான்கு பக்கத்திலிருந்தும் படமெடுத்து, மரம் எது, செய்த ஆசாரி எந்த ஊரார், யார் யார் அதைப் பயன்படுத்தினார்கள், தேய்ந்த இடங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுவது. கூடவே, அதன் ஒவ்வொரு உறுப்பையும் அந்த வீட்டு மூத்தோரும் ஆசாரியும் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்வது. திராவிட மொழியியலை ஒரு நிறுவனமாகவே வளர்த்த வ. அய். சுப்பிரமணியம் போன்றோர் திருவனந்தபுரத்தில் கிளைமொழிக் கள ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் இட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்த மரபில் வருவோருக்குத் தச்சுத்தொழிற் சொற்கள் இன்னும் அள்ளக் குறையாத களம். சட்டமும் காலும் பிரிந்து வெவ்வேறு விடுதிகளுக்குப் போனபின் அந்தப் பெயர்களைக் கேட்டறிய ஆள் இருக்கமாட்டார்.

விற்பவரும் வாங்குபவரும் தத்தம் முடிவை எடுக்கட்டும். பூசத்தான் வேண்டுமென்றால் புதுமை புதுமையாகவே இருக்கும்படி பூசலாம்: நல்ல பச்சையோ நீலமோ, முழுமையாக, விளிம்பைத் தேய்க்காமல். அடுத்த முப்பது ஆண்டுகளில் அதில் படுப்பவர்கள் அதைத் தேய்த்துக்கொள்வார்கள். எங்கே தேய வேண்டும் என்பதை அவர்கள் உடலும் பழக்கமும் தீர்மானிக்கும். எல்லையூர்த் தமிழுக்கும் வேண்டுவது இவ்வளவே. சுரண்டவும் வேண்டாம், தேய்த்துக் காட்டவும் வேண்டாம்; பேசுவோர் பேசிப் பேசித் தேய்க்கவும் மெருகேற்றவும் இடம்விட்டால் போதும்.